சூப்பான் மரம்

“இன்னிக்குப் பார்க்குக்குப் போய்த்தான் ஆகணுமா, சிட்சல்? பேசாம படகுல ஒரு சுத்து போயிட்டு வரலாமே. பாப்பாவுக்குப் படகுன்னா உசிரு.”

ஹோட்டலின் காலைச் சாப்பாட்டு மேசையில் ட்ரோல்ஸ் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டான். தடவிய இடத்திலேயே தடவித் தடவி, ரொட்டியைவிட வெண்ணெய் தடித்துப்போயிருந்தது.

“படகு நம்ம ஸ்கீவ ஊர்லயே ஓடுது. கோபன்ஹேகன் வரைக்கும் ரயிலேறி வந்ததே அந்தப் பார்க்குக்குத்தான்” என்றாள் சிட்சல்.

பிரச்சினை மகள் வீகாவின் வாயில் இருந்தது. அடுத்த மாதம் நான்கு வயது முடிகிறது. இன்னும் ரப்பர் சூப்பான் வாயில் இல்லாமல் அவளுக்குத் தூக்கம் வராது. மேல்வரிசைப் பல் முன்னால் தள்ளிக்கொண்டு வருகிறது, இந்தக் கோடைக்குள் நிறுத்தாவிட்டால் அண்ணமே வளைந்துவிடும் என்று பல் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சிட்சலுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

டென்மார்க்கில் இதற்கென்றே ஊருக்கு ஊர் ஒரு மரம் வைத்திருக்கிறார்கள். சூப்பானை விடுகிற குழந்தை அதை ரிப்பனில் கோத்து மரத்தில் கட்டி, டாட்டா சொல்லிவிட்டு வந்துவிட வேண்டியது. வீகாவும் போன கோடையில் ஸ்கீவ மரத்தில் சமர்த்தாகக் கட்டினாள். இருட்டுவதற்குள் ட்ரோல்ஸ் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய் அதை அவிழ்த்து வந்துவிட்டான். குழந்தை விசும்பினாளாம், இவனுக்கு நெஞ்சு தாங்கவில்லையாம். அதனால்தான் இந்த முறை ஃபிரெடெரிக்ஸ்பெர்க் பூங்கா. நாட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஏணியைத் தூக்கிக்கொண்டு எவனும் ரயிலேற மாட்டான் என்பது சிட்சலின் கணக்கு.

ட்ரோல்ஸ் எழுந்து வாசலுக்குப் போய் ஒரு சிகரெட் பிடித்துவிட்டு, வானிலை அறிக்கையோடு திரும்பினான்.

“மேகம் கறுத்துக்கிட்டு வருது. பாப்பா நனைஞ்சா சளி பிடிக்கும்.”

“மழைக்கோட்டு இருக்கு.”

“அது சின்னப் பார்க்கா? உள்ள நடந்து நடந்தே கால் ஒடிஞ்சிடும்.”

“அவ நடப்பா. உனக்கு முடியலேன்னா சொல்லு, உன்னை வேணா தள்ளுவண்டியில வச்சுத் தள்றேன்.”

பக்கத்து மேசைக்காரர் காபிக் கோப்பைக்குள் சிரித்தார். ட்ரோல்ஸ் குரலை இறக்கி மகளிடம் குனிந்தான்.

“பாப்பா, நல்லா யோசிச்சுக்கோ. அவசரமே இல்ல. இன்னும் கொஞ்ச நாள் வச்சுக்கோயேன். கிறிஸ்துமஸ் வரைக்கும்கூட…”

சிட்சலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “பெத்தவன் பேசற பேச்சா இது? அவளே தயாரா இருக்கா, நீ எதுக்கு நடுவுல கலைக்கற? செல்லம் குடுத்தே அவ பல்லைக் கெடுக்கப்போறே. உனக்கு மனசு தாங்கலேன்னா இங்கயே உக்காந்துக்கோ. நாங்க ரெண்டு பேரும் போயிட்டு வர்றோம்.”

“ஆங், அதுகூட நல்ல யோசனைதான்” என்றான் ட்ரோல்ஸ், முகமெல்லாம் வெளிச்சமாக.

வீகா சூப்பானைக் கடைவாய்க்கு ஒதுக்கினாள். “அப்பா வரணும். அப்பா வரலேன்னா நான் கட்ட மாட்டேன்.”

அதற்கப்புறம் பேச்சு ஏது? சிட்சல் கணவனின் கோட்டை எடுத்து அவன் மடியில் போட்டாள்.

பூங்காவில் மழை தூறலோடு நின்றுவிட்டது. மரத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. சிவப்பும் நீலமும் பச்சையுமாக, கிளை கொள்ளாமல் சூப்பான்கள் தொங்கின. வழியெல்லாம் சிட்சலுக்கு ஒரே யோசனைதான். கடைசி நிமிடத்தில் வீறிட்டு அழுதால்? கட்டிவிட்டு, திரும்பி வேண்டுமென்றால்?

மகளைத் தூக்கிப் பிடித்தாள். வீகா சூப்பானை வாயிலிருந்து எடுத்து, ஒருமுறை முத்தமிட்டு, அம்மா கோத்துக் கொடுத்த ரிப்பனைக் கிளையில் சுற்றினாள். அம்மாவும் சேர்ந்து முடிச்சுப் போட்டாள். “டாட்டா” என்று வீகா கையசைத்தாள். அவ்வளவுதான். அழுகையும் இல்லை, அடமும் இல்லை.

சிட்சலுக்கு அப்பாடா என்றிருந்தது. மாதக்கணக்காக மார்பில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் சட்டென்று இறங்கியதில் கண்ணில் நீர் தளும்பியது. மகளை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவள் ஈரக் கன்னத்தில் முத்தம் முத்தமாகக் கொடுத்தாள்.

திரும்பிப் பார்த்தால், ட்ரோல்ஸ் கப்பல் கவிழ்ந்தவன் மாதிரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பாவம், மகள்மேல் இவ்வளவு உருகுகிற மனிதனையா காலையில் அப்படித் திட்டினோம் என்று அவள் மனம் இளகிவிட்டது. பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்தாள்.

“அவளே அழல. நீ எதுக்குப்பா இப்படி ஆயிட்டே?”

“ஒண்ணுமில்ல. கிளம்பு, கிளம்பு, ரயிலுக்கு நேரமாச்சு” என்று அவன் பதறி எழுந்தான்.

“அப்பா, எங்க ஓடற?” வீகா அவன் கோட்டுப் பைக்குள் கையை விட்டுச் சிகரெட் பெட்டியை உருவினாள், தன் பையிலிருந்து புத்தம் புது ரிப்பன் ஒன்றையும் எடுத்தாள். “நான் இதை விட்டா நீயும் அதை விட்டுடறேன்னு போன வருஷமே சத்தியம் பண்ணினேல்ல? வா, என்னைத் தூக்கு, உன்னோடதை நான் கட்டறேன்!”