லூஸ் குர்தா

பீரோவின் அடித்தட்டில் ஒரு நீலக் குர்தா இருந்தது. பூங்கோதை அதை ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்து, "ரொம்ப லூஸ்" என்று மடித்து வைத்தவள்தான், பிறகு தொடவே இல்லை.

மேல்தட்டுச் சிவப்புச் சுடிதார் அன்றிலிருந்து அதை "ஏய் லூசு" என்றே கூப்பிட்டது.

"அப்படீன்னா என்ன அக்கா?"

"புத்தி இல்லாதவன்னு அர்த்தம். தெருவுல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. சீக்கிரமே உன்னைக் கிழிச்சு கரித்துணி ஆக்கிடுவாங்க, பாரு."

அதற்குப் பிறகு பீரோ திறக்கும்போதெல்லாம் குர்தா பயத்தில் சுருண்டுகொண்டது.

சில மாதங்கள் போயின. ஒரு காலை, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய பூங்கோதை சிவப்புச் சுடிதாரை எடுத்தாள். மேடிட்ட வயிற்றைத் தாண்டி அது இறங்கவில்லை. அடுத்தடுத்து எடுத்தவையும் இறங்கவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. கடைசியில் அடித்தட்டைத் துழாவி நீலக் குர்தாவை இழுத்து மாட்டினாள்.

"அப்பாடா, நல்லா லூஸா இருக்கு" என்று மூச்சு விட்டாள்.

மாலையில், கட்டிலில் கிடந்த சுடிதாரின் பக்கத்தில் குர்தாவும் வந்து விழுந்தது.

"அவங்களுக்கு என்னைப் பிடிக்காமப் போயிடுச்சா?" என்று சுடிதார் மெல்லக் கேட்டது.

"இல்லக்கா. அவங்களுக்குள்ள ஒரு குட்டி ஆள் இருக்கு. பஸ்ல வரும்போது என்னை உதைச்சுது."

"எங்கே?"

"இங்கே."

சுடிதார் தன் கையை நீட்டி அந்த இடத்தில் வைத்துப் பார்த்தது.