முதல் ராணி

"படத்துக்கு நேரா நிக்காதே, கலியா. அது ராணி."

கலியன் பதறி விலகினான். அன்று காலையில்தான் அவன் மகள் தேவகிக்கும் ராஜா மயில்வாகன பூபதியின் மகனுக்கும் கல்யாணம் ஆகியிருந்தது. சம்பந்தி ஆன பிறகும் அரண்மனையில் எங்கே நிற்பது என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

அரண்மனை என்றால், பாலாற்றங்கரையில் காரை பெயர்ந்த ஒரு பங்களா. சர்க்கார் ஜமீனை எடுத்துக்கொண்டு பதினைந்து வருஷம் ஆகிறது. மீசையை எடுத்துக்கொள்ள மறந்துவிட்டது.

"சின்னப் பொண்ணா இருக்காங்களே, ராஜா?"

"பதினாலு வயசு. எங்க பெரியப்பாவுக்கு மூத்த தாரம். தாலிக் கயித்துல மஞ்சள் காயறதுக்குள்ள போய்ட்டா. எப்படிப் போனாள்னு இன்னி வரைக்கும் யாருக்கும் தெரியாது." ராஜா மீசையை நீவிக்கொண்டார். "பாம்புங்கறான் ஒருத்தன். விஷம்ங்கறான் ஒருத்தன். மெட்ராஸ்லேர்ந்து ஒரு புரொபசர் வந்தான். ரெண்டு நாள் தங்கிச் சாப்பிட்டுட்டு, வெள்ளைக்காரன் சதின்னு சொல்லிட்டுப் போனான். மர்மம்! சாதாரணக் குடும்பத்துல இப்படி ஒரு மர்மம் இருக்குமா?"

இருக்காது என்று கலியன் பணிவாகத் தலையாட்டினான். அவன் குடும்பத்தில் செத்தவர்கள் எல்லாரும் காய்ச்சலில் செத்தவர்கள்.

"ஒரு நகைகூடக் காணோமே, ராஜா? நூல் புடவையா கட்டிக்கினு இருக்காங்க?"

"எளிமை. எங்க வம்சத்துப் பழக்கம்."

அது கலியனுக்கும் தெரியும். தேவகி கல்யாணமும் எளிமையாகத்தான் நடந்தது. கொல்லைக் கிணற்றடியில் தாலி கட்டினார்கள். மேளம் இல்லை, பந்தி இல்லை, வெளி மனுஷர் இல்லை. சீர் கேட்கவில்லை. பெண்ணின் ஜாதகத்தைக்கூடக் கேட்கவில்லை. மாப்பிள்ளை, பதினெட்டு வயசுப் பையன், தேவகியை நிமிர்ந்தே பார்க்கவில்லை. வெட்கம் என்று கலியன் எடுத்துக்கொண்டான். சாதி ஒன்றாக இருந்தது. மற்றபடி, அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவன் வீட்டுக்கு அரண்மனை வந்து பெண் கேட்டால், யாரும் பதிலுக்குக் கேள்வி கேட்பதில்லை.

புறப்படும்போது தூண் மறைவில் தேவகி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பதினாறு வயசு. தாயில்லாத பெண். அவளும் நூல் புடவைதான் கட்டியிருந்தாள்.

"பயமா இருக்குதுபா. இங்க யாரும் எங்கூடப் பேசவே மாட்டேங்கறாங்க. என்னையும் இட்டுக்கினு போய்டுபா."

"அசடு! ராணி அழலாமா? ராஜகோபால் கடைப் பட்டு இன்னும் தறியில இருக்குதுன்னு உள்ள பேசிக்கினு இருந்தாங்க, கேட்டேன். உனக்குத்தான். நானே பெரிய காஞ்சிபுரம் போய்க் கையோட வாங்கியாறேன். பொழுதுக்குள்ள வந்துடுவேன்."

"கண்டிப்பா வருவியா?"

"வராம?"

பட்டுக்கடை வாசலில் கலியன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். 'நீங்க யாரு?' என்று கடைக்காரர் ராஜகோபால் கேட்பார். 'ராஜாவுக்குச் சம்பந்தி' என்று சொல்ல வேண்டும். பஸ்ஸில் வழி நெடுக வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தான்.

"அரண்மனையிலேர்ந்து வரேங்க. பட்டு ரெடியான்னு..."

ராஜகோபால் யாரென்று கேட்கவில்லை. துண்டை ஒரு தரம் பார்த்தார். வேலையாள் என்று முடிவு கட்டிவிட்டார்.

"அதுக்குள்ள இன்னாப்பா அவசரம்? கல்யாணம் தை மாசம்தானே?"

"தையா?"

"பெங்களூர் மில் முதலாளி பொண்ணாச்சே! அரை அடி ஜரிகைக் கரை ஓடிக்கினு இருக்குது. சும்மாவா? அரண்மனையில வேலை செஞ்சுக்கினு இதுகூடத் தெரியாதா உனக்கு?"

கலியன் துண்டைத் தோளிலிருந்து இறக்கினான். "இல்லீங்க... கல்யாணம் இன்னிக்குக் காலையிலேயே ஆய்டுச்சுங்களே. கிணத்தடியில..."

"அட, அதுவா!" ராஜகோபால் சிரித்துவிட்டார். "அது வாழை மரத்துக்குப்பா. அந்த வம்சத்து ஆம்பளைங்களுக்கு மூத்த தாரம் தங்காதுன்னு ஜாதக தோஷம். மொதல்ல ஒரு வாழைக்குத் தாலி கட்டிட்டா தோஷம் அதோட போய்டும். ராஜாவே இந்தப் பாயில உக்காந்து சொன்னாரு."

"தாலி கட்டின பிறகு?"

"பிறகு இன்னா? பொழுது சாயறதுக்குள்ள வெட்டிடணும்."

ஏகாம்பரநாதர் கோபுரத்தின் நிழல் அதற்குள் தெருவைக் கடந்து, எதிர்வரிசைக் கடைகளின் மேல் ஏறியிருந்தது.