ஏழாம் பக்கத்து விருந்து

லோகேஸ்வரி மறுபடியும் வாசலைப் பார்த்தாள். திங்கட்கிழமையிலிருந்து இதே வேலைதான். வெள்ளிக்கிழமையும் வந்துவிட்டது, வரவேண்டியவரைத்தான் காணோம்.

"யாருக்குக்கா இந்தத் தவம்? மாப்பிள்ளை வராரா?" என்று பக்கத்து மேசை ஷாமினி சீண்டினாள்.

"மாப்பிள்ளை வராட்டி போறான் லா. என் கையேட்டப் படிச்சவங்க ஒருத்தர் வரணும், அது போதும்."

பிரிக்ஃபீல்ட்ஸில், துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த மென்பொருள் நிறுவனத்தில் கையேடு எழுதுவது அவள் வேலை. ஜனங்கள் இணையத்தில் நிரப்பும் படிவங்களின் பதில்களை, கடைக்காரர்களின் கணினிக்கே கொண்டுவந்து சேர்க்கும் ஏபிஐ கருவி ஒன்றை அங்கே தயாரித்திருந்தார்கள். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று, பச்சைப் பிள்ளைக்குச் சோறூட்டுகிற மாதிரி பார்த்துப் பார்த்து எழுதியிருந்தாள்.

முக்கியமான சங்கதி ஏழாம் பக்கத்தில் இருந்தது. கருவி ஒரு தடவைக்கு நூறு பதில்தான் தரும். மீதி வேண்டுமென்றால் அடுத்த நூறைத் தனியாகக் கேட்க வேண்டும். அதைப் படிக்காமலே, "நூறுதான் வருது, உங்க டூல் ரோசாக், கெட்டுப்போச்சு" என்று தினமும் யாராவது போனில் கத்தினார்கள். எழுதியதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

போன வாரம் முதலாளி லோகன் பொறுமை இழந்துவிட்டார்.

"உன் கையேட்ட யாரு லா படிக்கிறா? அடுத்த மாசத்துல இருந்து ஏஐ எழுதட்டும். நீ போன் எடுக்கிற செக்‌ஷனுக்குப் போயிரு."

அந்த அலுவலகத்தில் லோகேஸ்வரிக்குப் பிடித்த ஒரே வேலை எழுதுவதுதான். அதையும் பிடுங்கிக்கொண்டால் எப்படி?

"எழுதறது யாரா வேணா இருக்கட்டும் பாஸ், படிக்கப்போறது மனுசங்கதானே? ஒரு வாரம் டைம் குடுங்க. ஒருத்தராவது படிக்கிறாங்கன்னு காட்டறேன்."

"காட்டு பார்ப்போம். காட்டிட்டா இந்த வேலை உனக்குத்தான். பேச்சு மாறமாட்டேன்."

அன்றைக்கே ஏழாம் பக்கத்தில், நூறு சமாச்சாரத்துக்கு அடியில் ஒரு வரியைச் செருகினாள். 'இதுவரை பொறுமையாகப் படித்தவருக்கு, வரும் வெள்ளிக்கிழமைக்குள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தால் வாழையிலைச் சாப்பாடு. லோகேஸ்வரியைக் கேளுங்கள்.'

அலுவலகத்திலேயே யாருக்கும் மூக்கில் வேர்க்கவில்லை. "படிச்சியா?" என்று கருவியைச் செய்த குகனிடமே கேட்டுப் பார்த்தாள். "சூப்பர்க்கா, ஒரு வரி விடல!" என்று கூசாமல் சொன்னான். விருந்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

மத்தியான நேரம். வாசலில் தடதடவென்று சத்தம். கண்ணாடிக் கதவில் 'இழுக்கவும்' என்று மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது. வெளியே நின்ற பெரியவர் அதைத் தள்ளு தள்ளென்று தள்ளிக்கொண்டிருந்தார். ஷாமினிதான் ஓடிப்போய்த் திறந்துவிட்டாள்.

"லோகேஸ்வரி யாரும்மா? நான் அய்யாவு. கிள்ளான்ல கேட்டரிங் வெச்சிருக்கேன். ஏழாம் பக்கத்துச் சாப்பாட்டுக்கு வந்திருக்கேன்."

லோகேஸ்வரிக்கு அவர் காலிலேயே விழலாம் போலிருந்தது. "வாங்க அங்கிள், வாங்க! நூறுக்கு மேல வந்திச்சா?"

"வந்திச்சாவா? தீபாவளிப் பலகாரத்துக்கு எழுதிப் போட்டவங்க ஒருத்தர்கூட விடுபடல. உங்க டூல் பலே டூல்மா!"

சத்தம் கேட்டு வெளியே வந்த லோகன் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் மனுசர் சொன்ன சொல் தவறாதவர். எல்லோருக்கும் கேட்கும்படி, "சரி லா, நான் தோத்துட்டேன். இனிமேலும் கையேடு லோகேஸ்வரிதான் எழுதுவா. இன்னிக்குச் சாப்பாடும் என் செலவு!" என்றார். குகன்தான் எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டினான்.

கீழே தெருமுனைச் சாப்பாட்டுக்கடையில் மூன்று இலை விரிந்தது. லோகேஸ்வரி அய்யாவு இலையில் அப்பளத்தை அடுக்கிக்கொண்டே இருந்தாள். ஒரே ஒரு வாசகர் என்றாலும் தன் வாசகர் அல்லவா? சந்தோஷத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

லோகனுக்குத்தான் இன்னும் ஆறவில்லை. ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டார்.

"அண்ணே, எங்க ஆளுங்களே அத முழுசாப் படிக்கல. உங்களுக்கு மட்டும் எப்படிண்ணே அந்தப் பொறுமை?"

அய்யாவு அப்பளத்தை நொறுக்கியபடி சிரித்தார்.

"நான் எங்க தம்பி படிச்சேன்? எங்க ஏஐதான் எல்லாத்தையும் படிச்சு வேலைய முடிச்சிட்டு, 'நீங்க போய்ச் சாப்பிட்டு வாங்க'ன்னு சொல்லிச்சு!"