கடல் தேறிய செய்தி

கடல்நீர் கெட்டபின் மன்னார் வளைகுடாவில் மிஞ்சிய உயிர்ப்பவளங்களை அரசு வீடுவீடாகத் தொட்டியில் வளர்க்கக் கொடுத்திருந்தது. கடல் தேறியதும் திருப்பித் தரவேண்டும். தூத்துக்குடியில் முன்பு சங்கு குளித்தவன் மரியசிங்கம். கால்கள் முடங்கிய பிறகு, ஒன்பது வருடமாகத் தன் வீட்டுப் பவளத்தொட்டி நீரின் சுண்ணாம்புச் சத்தைச் சரிபார்த்தே நாளைக் கழித்தான்.

கடல்நீரைச் சோதித்து அளவை அரசுக்கு அனுப்புவது மனைவி பிலோமினாவின் வேலை. மூன்று வாரமாக அவள் பொய்யான அளவையே அனுப்பினாள்.

அன்று பவளத்தின் நுனி வெளுத்திருந்தது. வளர்ந்துவிட்ட அதற்கு, எவ்வளவு சுண்ணாம்பு கலந்தும் தொட்டி போதவில்லை. பதறிப்போன மரியசிங்கம், சோதனைக்கு அவள் கொண்டுவந்திருந்த வாளிக் கடல்நீரைத் தானே சோதித்துப் பார்த்தான்.

"கடல் நல்லாயிட்டுல்லா. ஏன் மறச்ச?"

"இதுவும் போனா நீங்க என்ன ஆவியளோன்னுதான்."

அவன் வெளுத்த நுனியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போன் போடு. இன்னைக்கே வரச் சொல்லு."

அரசு ஆட்கள் வந்து தொட்டியைத் தூக்கியபோது அவன் கை அதை விடவில்லை. பிலோமினாதான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்தாள்.