பால் சொசைட்டியில் எழுந்த கை

மீனாட்சிபுரம் சொசைட்டியில் சாயங்காலப் பால் அளந்துகொண்டிருந்தார்கள். கருத்துக் கேட்க வந்த மலையாளக் கல்லூரி மாணவி சிஞ்சு, வரிசையைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள்.

கருவிலேயே மரபணுவைத் திருத்திப் பரம்பரை நோயை நீக்க அரசு அனுமதிக்கலாமா? வேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம்.

ஒரு கையும் எழவில்லை.

"சாமி எழுதுனத அழிச்சு எழுதறதுக்கு கவர்மெண்டு யாருங்க?" என்றார் பழனிச்சாமி, பால் கேனைக் கீழே வைத்தபடி.

"பொட்டக் கன்னா, கெடாரியாவே பொறக்கற ஊசிய உங்க மாட்டுக்குப் போட்டப்ப, சாமி லீவுல போயிருச்சுங்களா?"

பின்னால் நின்றவன் கேட்டதும் வரிசையே சிரித்தது.

வரிசையில் நின்ற சிவசங்கரி சிரிக்கவில்லை. பழனிச்சாமி அவளுடைய தாய்மாமன். சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்று தன் மகனுக்கே அவளைக் கட்டிவைத்தவர். கணவன் மனைவி இருவர் ரத்தத்திலும் ஒரே குறை ஒளிந்திருந்தது மகள் மிதுனா பிறந்த பிறகுதான் தெரிந்தது.

ஏழு வயது மிதுனாவுக்கு மாதாமாதம் கோயம்புத்தூரில் ரத்தம் ஏற்ற வேண்டும். இப்போது வயிற்றில் இருப்பதற்கும் அந்த நோய் இருக்கிறதா என்று பார்க்கப் போன வாரம்தான் பரிசோதனை செய்திருந்தார்கள்.

சிவசங்கரியின் கை தானாக எழப் பார்த்தது.

இடுப்பை ஒட்டி நின்ற மிதுனா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீ இப்படிப் பிறந்திருக்கக் கூடாது என்று பெற்றவளே ஊர் முன்னால் சொல்வதா? சிவசங்கரி முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மிதுனா கை தூக்கினாள்.

ஊசி குத்திக் குத்திக் கறுத்துப்போன, குச்சி போன்ற கை.

"அம்மிணி, உனக்கு இன்னும் ஓட்டே வரலியே!" என்றார் பழனிச்சாமி. மறுபடியும் சிரிப்பு.

அவள் கையைக் கீழே இறக்கவில்லை. இன்னொரு கையையும் தூக்கினாள்.

"இது எங்கம்மா வயித்துல இருக்கற பாப்பாவுக்குங்க, தாத்தா. அதாச்சும் ஆஸ்பத்திரிக்குப் போகாம இருக்கட்டும்."

சிரிப்பு நின்றது. பழனிச்சாமி கேன் மூடியைத் திறந்து, மறுபடி மூடினார்.

சிஞ்சு குனிந்து சொன்னாள். "மோளே, இப்ப சட்டம் வந்தாலும், மருந்து வர ரொம்ப வருஷம் ஆகும்."

சிவசங்கரி அந்த இரண்டு கைகளையும் பிடித்து மெல்லக் கீழே இறக்கினாள்.

மத்தியானமே கோயம்புத்தூரிலிருந்து போன் வந்திருந்தது. வயிற்றில் இருப்பதற்கும் அதே நோய்தான் என்றார்கள்.

வீட்டில் அவள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.