மஞ்சள் கயாக்

வெள்ளாற்றுத் தடுப்பணையைத் தாண்டிச் செந்நிற வெள்ளம் இரைந்து விழுகிறது. கயாக் படகுகளோடு வந்த கல்லூரி நண்பர்கள் மூவரில் நிலவழகன்தான் முதலில் இறங்கினான். அணைக்குக் கீழே சுழலிலிருந்து அவனுடைய மஞ்சள் படகு மட்டும் கவிழ்ந்தபடி மேலே வருகிறது. அவன் கழற்றிப் போட்ட லைஃப் ஜாக்கெட் கரைப்புல்லில் கிடக்கிறது. பிரகதீஸ்வரி தொண்டை கிழிய அவனைக் கூப்பிடுகிறாள். நுரைதான் திரண்டு திரண்டு உடைகிறது. படம் பிடித்துக்கொண்டிருந்த எழிலரசன் செல்போனைத் தாழ்த்துகிறான். "தண்ணி ரொம்ப வருது, வேணாம்னு சொல்லத்தான் நெனச்சேன். பயந்தாங்கொள்ளின்னு சிரிப்பீங்கன்னு பேசாம இருந்துட்டேன்" என்கிறான். அவள் தண்ணீரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "எறங்குறதுக்கு முன்னாடி அவனும் பயமா இருக்குன்னான்டா. நான் சிரிச்சேன்."