பதினோரு தடவை

“எங்க பொண்ணு ஒரு நாளைக்கு எத்தனை தடவை பின்பக்கம் போறான்னு எண்ணுறதுதான் உங்களுக்கு வேலையா?”

ஜ்வாலாமாலினியின் குரல் அந்தக் காம்பவுண்டின் நாலு வீட்டுக்கும் கேட்டது. கேட்காதவர்கள் ஜன்னலுக்கு வந்து கேட்டுக்கொண்டார்கள்.

“எண்ணல மாலினி. கண்ணுல பட்டுது, சொன்னேன்,” என்றாள் தனம், முறத்து வேர்க்கடலையை உடைத்தபடியே. “நேத்து பதினோரு தடவை.”

“எண்ணலன்னு சொல்லிட்டுப் பதினொண்ணுங்கறீங்களே.”

தனம் அடுத்த கடலையை எடுத்தாள். எந்த வீட்டில் என்ன குழம்பு, யார் வீட்டு விருந்தாளி எந்த பஸ்ஸில் வந்து இறங்கினார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பௌர்ணமிக்குத் திருவண்ணாமலையே மலையைச் சுற்றும்போது, தனம் மட்டும் வாசலில் உட்கார்ந்து சுற்றப் போகிறவர்களைக் கண்ணால் சுற்றி வருவாள். காம்பவுண்டின் பின்பக்கம் நாலு குடும்பத்துக்கும் பொதுவாக, அடுத்தடுத்து இரண்டே கழிவறைகள். அவற்றுக்குப் போகிற வழி தனத்தின் வீட்டை ஒட்டித்தான் இருந்தது.

ஜ்வாலாமாலினியின் கோபத்துக்கும் காரணம் உண்டு. கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஜைனக் குடும்பம். மகள் அக்ஷயாவின் காலேஜுக்காகத் தாயும் மகளும் டவுனுக்கு வந்திருந்தார்கள். கணவர் சந்திரப்பிரபு நிலத்தைப் பார்த்துக்கொண்டு ஊரிலேயே தங்கிவிட்டார். ஒன்றரை வருடமாக அக்ஷயாவுக்கு வயிறு சரியில்லை. ஐம்பத்திரண்டு கிலோ இருந்தவள் முப்பத்தெட்டுக்கு வந்துவிட்டாள். ஒரு டாக்டர் கேஸ் டிரபிள் என்றார். இன்னொருவர் மூலம் என்றார். மூன்றாமவர் பரீட்சை பயம் என்றார். நாலாமவர், கல்யாணம் பண்ணி வையுங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்றார். அவர்தான் கெட்டிக்காரர் என்று காம்பவுண்டு தீர்மானித்தது.

இதில் விரதம் வேறு சேர்ந்துகொண்டது. சாப்பிட்டால் வலி, பட்டினி கிடந்தால் கொஞ்சம் நிம்மதி என்று கண்டுபிடித்த பெண், அஷ்டமி, சதுர்த்தசி ஒன்று விடாமல் உபவாசம் இருக்க ஆரம்பித்தாள். ஊர் ஜினாலயத்தில் பெரியவர்கள் மெச்சினார்கள். இந்த வயசில் இத்தனை வைராக்கியமா என்று பெரியம்மாக்கள் அவள் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். துறவறம் போய்விடுவாளோ என்று சந்திரப்பிரபு மட்டும் பயந்தார். டாக்டர்களுக்கும் இது வசதியாகப் போயிற்று. ‘விரதம்’ என்று ஜ்வாலாமாலினி சொன்னதுமே, அதான் இளைப்பு என்று பேனாவை மூடிவிடுவார்கள்.

சண்டை நடந்த மூன்றாம் நாள் அக்ஷயா காலேஜ் படிக்கட்டில் மயங்கி விழுந்தாள். வேலூரிலிருந்து வியாழக்கிழமை மட்டும் வருகிற குடல் டாக்டரிடம் டோக்கன் வாங்கினார்கள். அம்மாவும் பெண்ணும் வாசலுக்கு வந்தபோது, புடவை மாற்றிக்கொண்டு தனம் ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. இறக்கிவிட நேரமும் இல்லை.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகிறது என்று டாக்டர் அக்ஷயாவைக் கேட்டார்.

“ரெண்டு... மூணு,” என்றாள் அவள், தரையைப் பார்த்து.

விரதம் ஜாஸ்தி, அதனால்தான் என்று ஜ்வாலாமாலினி பழைய பாட்டைத் தொடங்கினாள். டாக்டரின் கை பேனா மூடியைத் தேடியது.

“பொண்ணு பொய் சொல்லுது டாக்டர்,” என்றாள் தனம். “பதினோரு தடவை. அதுல ராத்திரி மட்டும் நாலு. ஒன்றரைக்கு ஒண்ணு, மூணு மணிக்கு ஒண்ணு, விடியறதுக்குள்ள இன்னும் ரெண்டு. ரத்தமும் போவுது. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு பக்கெட் பக்கெட்டா தண்ணி ஊத்திட்டுதான் வெளிய வருது.”

ஜ்வாலாமாலினிக்கு அவமானத்தில் காது எரிந்தது. அக்ஷயா அழத் தொடங்கினாள். ஆனால் இல்லை என்று சொல்லவில்லை.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

“தூக்கத்துலேருந்து எழுப்புதா? விரதம் அப்படி எழுப்பாதும்மா. பரீட்சை பயமும் எழுப்பாது. இது வேற.”

டியூப் விட்டுப் பார்த்த டெஸ்டில் பெருங்குடல் முழுக்கப் புண். நாள்பட்ட அழற்சி, வாழ்நாளெல்லாம் கூடவே வரும், மருந்தால் அடக்கி வைக்கலாம், இன்னும் விட்டிருந்தால் குடலையே எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார் டாக்டர். ஒன்றரை வருடம் கழித்து நோய்க்கு ஒரு பெயர் கிடைத்த நிம்மதியில் தாயும் மகளும் ஆஸ்பத்திரி வராந்தாவில் கட்டிக்கொண்டு அழுதார்கள். தனம் அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

ஆறு மாதத்தில் அக்ஷயாவுக்கு எடை ஏறியது. மறு வருடம் வந்தவாசிப் பக்கத்து மாப்பிள்ளை தர்ஷன், நோயைப் பற்றி எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டே சம்மதம் சொன்னான். கல்யாணம் முடிந்து இருவரும் பெங்களூரில் குடியேறினார்கள். இனிமேல் எண்ணுவதற்கு என்ன இருக்கிறது என்று காம்பவுண்டு தனத்தைக் கிண்டல் பண்ணியது.

ஜ்வாலாமாலினி கல்யாண லட்டு ஒரு டப்பா எடுத்துக்கொண்டு தனத்தின் வீட்டுக்குப் போனாள். ரொம்ப நாளாக மனசில் அரித்துக்கொண்டிருந்ததை அன்றைக்குக் கேட்டேவிட்டாள்.

“கோவிச்சுக்காதீங்கக்கா. பகல்ல பாத்தீங்க, சரி. ராத்திரி நாலு தடவையும் எப்படித் தெரிஞ்சுது? எங்க பொண்ண வேவு பாக்கறதுக்கா தூங்காம இருந்தீங்க?”

தனம் லட்டைப் பிட்டாள். வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

“பக்கத்துக் கக்கூஸ் கதவுக்குள்ளதான் அப்ப நானும் இருப்பேன் மாலினி, எனக்கும் ஏழு வருஷமா ரத்தம்தான் போவுது. உன் பொண்ணோடத டாக்டர் கிட்ட சொல்ல வாய் வந்துச்சு. என்னோடத சொல்ல இன்னைக்கு வரைக்கும் வரல.”